ஹால்பெக் ஸ்டேஷன் நடந்த தூரம்

ஹால்பெக் நகரத்து ரயில்வே ஸ்டேஷன் முதன்முதலில் நடந்தது 1909ஆம் ஆண்டு மார்ச் பதினோராம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. போன தூரம் பதினெட்டு அடி. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், கோதுமை விலைக்குக் கீழே, தையல் இயந்திரம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்ற விளம்பரத்துக்கு மேலே, நான்கு வரியில் செய்தி வந்தது. பதினெட்டு அடிக்கு நான்கு வரி போதும் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். பிற்பாடு அது இருபத்தாறு மைல் நடந்தபோதும் அதே பத்திரிகை அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த வாரம் ஆலங்கட்டி மழை வேறு பெய்திருந்தது.

இதற்கு யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் பாட்டன்மார்களைத்தான் கேட்க வேண்டும். நார்வேயிலிருந்து வடக்கு டகோட்டாவுக்கு வந்து, 1882இல் ஆற்று வளைவில் ஊர் கட்டினார்கள். ஐந்து வருடம் கழித்து ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டது, ஊரைத் தொடாமல், நான்கு மைல் தெற்கே. வேறு ஊராக இருந்தால் மனு எழுதியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் பனி விழும்வரை காத்திருந்தார்கள். விழுந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஓக் மரச் சறுக்குக் கட்டைகளைக் கொடுத்து, பதினாறு குதிரைகளைப் பூட்டி, வீட்டை அப்படியே இழுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போய்விட்டார்கள். வீடு நகரும்போது அடுப்பு அணையக் கூடாது என்பது அப்போது ஏற்பட்ட வழக்கம். வீட்டுக்காரி உள்ளேயே உட்கார்ந்து, காபித் தூளில் முட்டையை உடைத்துக் கலந்து, கெட்டில் நிறையக் கொதிக்க வைத்துக்கொண்டே வருவாள். வழியில் குதிரை ஓட்டுகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டுவார்கள். அடுப்பு அணைந்து வந்து சேர்ந்த வீட்டுக்கு ஒரு மாதம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த வீடு வழியிலேயே செத்துவிட்டது என்று பேச்சு.

ஊர் வந்துவிட்டது, ஸ்டேஷன் வரவில்லை. கம்பெனி கொடுத்தது சக்கரம் கழற்றிய ஒரு சரக்குப் பெட்டி. அதில் உட்கார்ந்து சிகாகோ ரயிலுக்குக் காத்திருப்பது கௌரவக் குறைச்சல் என்று, வீடு நகர்த்தியதில் மிஞ்சிய மரத்தையெல்லாம் சேர்த்து ஊர்க்காரர்களே ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். ஒரு வீட்டுக் கதவு, இன்னொரு வீட்டுத் தரை, தேவாலயத்தில் மிஞ்சிய இரண்டு ஜன்னல். எல்லாம் ஒரு முறையாவது பயணம் போன மரம். அதைவிட, அஸ்திவாரம் போடாமல் ஆறு சறுக்குக் கட்டைகள்மேல் கட்டினார்கள், கட்டிய பின் கட்டைகளை எடுக்கவும் இல்லை. ஒரு கட்டடம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்புகிற மனிதர் யாரும் அப்போது ஹால்பெக்கில் கிடையாது. அஸ்திவாரம் போடலாமே என்று கேட்ட ஒரே ஆள் ஸ்வீடன்காரர். ஸ்வீடன்காரர் சொல்லி எந்த நார்வேக்காரன் கேட்டிருக்கிறான்.

அந்த மார்ச் மாதத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பெட்டி படுக்கையோடு ரயிலுக்கு வந்த ஒரு பெண்மணியின் வண்டி, வாசலுக்குப் பதினெட்டு அடி முன்னால் அச்சு வரை புதைந்துபோயிற்று. ரயில் புறப்படக் கூவிவிட்டது. உள்ளே அடுப்பு எரிந்தது, காபி கொதித்தது. ஸ்டேஷன் எழுந்தது. மாடு எழுந்திருப்பதுபோல் முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, சேற்றில் வழுக்கிக்கொண்டே போய் வண்டிக்கு நேராக வாசல்படியை நீட்டியது. அந்த அம்மாள் கால் நனையாமல் உள்ளே ஏறினார். ஏறியதும் ஸ்டேஷன் திரும்பி வந்து, தண்டவாளத்திலிருந்து பதினான்கு அடி தள்ளி, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. டிக்கெட்டோடு ஒருவர் காத்திருப்பு அறையில் இருக்கும்போது ரயிலை எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் கார்டு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அதன் பிறகு அதற்குக் கூச்சம் போய்விட்டது. 1912இல் அரை மைல் போய் ஒரு கல்யாணக் கோஷ்டியை அள்ளிக்கொண்டு வந்தது. 1919இல் ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்த ஒரு சிப்பாய்க்காக முக்கால் மைல். 1927இல் மூக்குக்கண்ணாடி விற்கிற ஒருவருக்காக ஒன்றேகால் மைல் போனது. அந்த மனிதர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பதை இன்னும் ஊர் மறக்கவில்லை. எவ்வளவு தூரம் போனாலும், ஆள் ஏறியதும் நேராக வீட்டுக்குத் திரும்பிவிடும். தண்டவாளத்தை மட்டும் ஒருபோதும் தாண்டியதில்லை. உள்ளே இருப்பவர்கள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதனால் ஊருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது: யாரும் நேரத்துக்குக் கிளம்புவதில்லை. வழியில் நின்று கைகாட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

1938இல் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள் சிக்னே எய்டே. வயது இருபத்தைந்து. அந்தத் தடம் முழுவதிலும் பெண் ஸ்டேஷன் மாஸ்டர் அவள் ஒருத்திதான். தந்தி அடிப்பதில் கெட்டிக்காரி, கணவன் கிடையாது, கூடப் பிறந்தது ஒரே தங்கை, தோரா. தோராவுக்கு சியாட்டிலில் ஒரு மீன்பிடிப் படகுக்காரனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவன் அலாஸ்காவுக்குக் கப்பல் ஏறுகிறான், அதற்கு முன்னால் கல்யாணம். ஆறாம் தேதி ரயிலைப் பிடித்தால்தான் அவள் போய்ச்சேர முடியும். அக்காதான் டிக்கெட் எழுதிக் கொடுத்தாள், தொப்பியும் அவளே தைத்துக் கொடுத்தாள்.

கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒருவர் அதே ஆறாம் தேதி வந்து சேர்ந்தார். கையில் அளவு நாடா. ஹால்பெக் ஸ்டேஷன் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை என்று மேலிடத்துக்கு யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கும் சுவருக்கும் பதினான்கு அடி. ஒரு அங்குலம் நகர்ந்தாலும் ஸ்டேஷனை மூடி, ஸ்டேஷன் மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார். சிக்னே பயந்துவிட்டாள். பயப்படாமல் என்ன செய்வாள், அது அவள் சோறு. காபிக் கெட்டிலை இறக்கி வைத்தாள். அடுப்பில் கரி போடுவதை நிறுத்தினாள். ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்தது.

அன்றைக்குப் பார்த்து ஏப்ரல் மாதத்துப் பனிப்புயல். தோராவின் சறுக்கு வண்டியை இழுத்த குதிரை, ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது படுத்துவிட்டது. தோரா இறங்கி நின்று கைகாட்டினாள். புயல் சற்று விலகியபோது அங்கிருந்து ஸ்டேஷன் கூரை தெரிந்தது. கூரைக்கு மேலே புகை இல்லை. அப்போதும் அவள் நம்பவில்லை. கண்ணாடி விற்கிறவனுக்கு வந்த ஸ்டேஷன் தனக்கு வராதா என்று அரை மணி நேரம் கையை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பத்து நாற்பதுக்கு ரயில் போய்விட்டது. பதினொன்றுக்கு அவள் உள்ளே வந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. நேரே போய் அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அணைச்சுட்டியாக்கா?” என்று கேட்டாள்.

மறுநாள் ரயிலில் போனாள். சியாட்டிலில் கப்பல் போய்விட்டிருந்தது. அவள் மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்ட படகுக்காரன் அலாஸ்காவில் மீன் டப்பா கம்பெனியில் வேலை பார்த்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். தோரா அங்கேயே ஒரு தொப்பிக் கடை வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், அதில் ஒரு வார்த்தை எழுதியிருக்காது, பெயர் மட்டும். இன்ஸ்பெக்டர் பதினான்கு அடி சரியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் அனுப்பினார். கனமான மரச்சட்டம் போட்டு சுவரில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. எனக்கு அந்த மனிதர்மேல் இன்றுவரைக்கும் கோபம்தான். சிக்னே அதே வாரம் தனக்கும் சியாட்டிலுக்கு ஒரு டிக்கெட் எழுதி வைத்துக்கொண்டாள், போய்த் தங்கையின் காலில் விழ வேண்டும் என்று. அடுத்த வாரம் போகலாம், அறுவடைக்குப் பிறகு போகலாம் என்று அந்த டிக்கெட் மேஜை இழுப்பறையிலேயே கிடந்து பழுத்துப்போயிற்று.

ஸ்டேஷன் அதற்குப் பிறகு நடக்கவில்லை. அடுப்பை மறுபடி ஏற்றித்தான் இருந்தார்கள், ஆனால் அது எழுந்திருக்கவில்லை. அதற்குள் எல்லோரும் கார் வாங்கிவிட்டார்கள், நேரத்துக்கு வரவும் பழகிக்கொண்டார்கள். 1952இல் கரி அடுப்பைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு எண்ணெய் அடுப்பு வைத்தார்கள். ஸ்டேஷனுக்கு வயதாகிவிட்டது, ஓய்வெடுக்கிறது என்று ஊர் விட்டுவிட்டது. ஊரும் இதற்குள் பதினோராயிரம் பேர் கொண்ட நகரமாகியிருந்தது.

1971 மார்ச்சில் இரண்டு கடிதம் ஒரே பையில் வந்தன. ஒன்று கம்பெனியுடையது. மே முதல் தேதியிலிருந்து பயணிகள் ரயில் ஹால்பெக் வழியாக வராது, இருபத்தாறு மைல் வடக்கே இருக்கிற இன்னொரு தடத்தில் போகும். ஹால்பெக் பயணிகள் அடுத்த ஊரில் இறங்கி பஸ் பிடிக்கலாம். இன்னொன்று தோராவுடையது. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் கடிதம். சிக்னே அதை டிக்கெட் ஜன்னலில் நின்று சத்தமாகப் படித்தாள், பாதிக்கு மேல் பாதிரியார் வாங்கிப் படித்தார்.

“அக்கா, நான் வர்றேன். மே ரெண்டு, ஞாயித்துக்கிழமை. ரயிலை வடக்க மாத்தப்போறாங்களாம், தெரியும். தெரிஞ்சேதான் ஹால்பெக்குக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பஸ் ஏற மாட்டேன். கார் எடுத்துக்கிட்டு யாரும் வந்து நிக்கவும் வேணாம். ஹால்பெக் ஸ்டேஷன்ல அடுப்பு எரிஞ்சா இறங்குவேன். இல்லேன்னா அப்படியே சிகாகோ போயிடுவேன். சிகாகோவ நான் பார்த்ததே இல்ல.”

ஊருக்கு இரண்டு விஷயமும் ஒன்றாகத்தான் பட்டது. தண்டவாளம் மறுபடியும் நம்மை விட்டுவிட்டுப் போகிறது. தேவாலயத்துக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேயர் ஆர்னே கோர்ஸ்டாட் மனு எழுதலாம் என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கோதுமை விவசாயி ஹால்வார் ப்ரெக்கே எழுந்து, வடக்குத் தடம் வரைக்கும் குறுக்கே இருப்பதில் பாதி தன் நிலம்தான், வேலியை வெட்டிவிடுகிறேன், ஸ்டேஷன் போகட்டும் என்றார். எல்லோரும் சிக்னேயைப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அடுப்பைத் தேடி எடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகையிலிருந்து கரி அடுப்பை எடுத்து, அதற்குள் இருந்த கோழிக்கூட்டைக் காலி செய்து, துருவைத் தேய்த்து, ஏப்ரல் முப்பதாம் தேதி, கடைசி ரயில் போன கையோடு, பழைய இடத்தில் வைத்தார்கள். முட்டை உடைத்துக் காபி போட்டார்கள். எல்லாரும் வெளியே நின்று பார்த்தார்கள். ஸ்டேஷன் அசையவில்லை. இன்னும் கரி போட்டார்கள். காத்திருப்பு அறையில் ஆள் வியர்த்துக் கொட்டியதே தவிர ஒரு பலகைகூட முனகவில்லை. மேயர் சுவரைத் தட்டிக் கொடுத்தார். யாரோ டிராக்டர் கட்டி இழுக்கலாமா என்றதற்கு, பெண்கள் எல்லோரும் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். அன்றைக்குப் பொழுது அப்படியே போயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சிக்னே மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தப் பழுத்த டிக்கெட்டை எடுத்தாள். ரயிலை நிறுத்துகிற பச்சையும் வெள்ளையுமான கொடியைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“எங்க போறீங்கம்மா?” என்று மேயர் கேட்டார்.

“அது லேட்டா வர்றவங்களுக்குத்தான் எழுந்திருக்கும். இந்த ஊர்லயே ரொம்ப லேட்டானவ நான்தான்,” என்றாள் சிக்னே. “நீங்க அடுப்ப மட்டும் பாத்துக்கங்க.”

போன வருடம் அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் வடக்குப் பார்த்து ஒரு மைல் நடந்தாள். அங்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று கைகாட்டினாள். ஊர் அவளையும் ஸ்டேஷனையும் மாறி மாறிப் பார்த்தது. கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. தோரா நின்ற அதே அரை மணி. அவள் கையை இறக்கவில்லை. அப்புறம் ஸ்டேஷன் பின்பக்கத்தைத் தூக்கியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்த ஆறு ஓக் கட்டைகளும் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வந்தன. கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின. டிக்கெட் ஜன்னல் படபடவென்று அடித்தது. உள்ளே தேவாலயத்துப் பெண்கள் ஆறு பேர் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு, சத்தம்போடாமல், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் முன்பக்கத்தையும் தூக்கி நின்றது, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது, நடந்தது.

சிக்னே அது பக்கத்தில் வரும்வரை நின்றாள். வாசல்படி முழங்காலைத் தொடும் சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வடக்கே நடந்தாள். ஏறியிருந்தால் அது திரும்பி வீட்டுக்குப் போயிருக்கும், அது அவளுக்குத் தெரியும். இப்படியே ஒரு நாளும் ஒரு பகலும், அவள் முன்னால், அவளை ஏற்றிக்கொள்ளத் துடித்துக்கொண்டு ஸ்டேஷன் பின்னால். அதற்குப் பின்னால் ஊரே வந்தது. நானூறு கார், பள்ளிக்கூடத்து வாத்திய கோஷ்டி, இரண்டு தீயணைப்பு வண்டி, உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வெண்ணெய் தடவிக் கொடுக்க ஒரு தனி லாரி. ஹால்வார் வேலி வெட்டும் கத்தரியோடு முன்னால் ஓடினார். தொலைபேசிக் கம்பி குறுக்கே வந்த இடத்தில் ஸ்டேஷன் தானாகவே புகைபோக்கியைச் சாய்த்துக்கொண்டது. ஓடை வந்ததும் நின்று யோசித்தது. சிக்னே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரையில் ஏறி நின்றாள்; அதுவும் இறங்கியது. மறுகரையில் ஏறியபோது சரக்கு அறைக்குள் மூன்றடி நீளத்தில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது மைலில் அவள் ஒரு பண்ணை வீட்டில் படுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் அந்த வீட்டுக்கு எதிரே உட்கார்ந்தது. மீனை வறுத்துச் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, கரி தீர்ந்துவிட்டது. காற்றுக்கு அடுப்பு மளமளவென்று இறங்கியது. ஸ்டேஷன் நடை தளர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிற்கப் பார்த்தது. ரயில் நாலு இருபதுக்கு. ஹால்வார் வெட்டிய வேலிக் கட்டைகளை ஆட்கள் கையிலிருந்து கைக்குக் கொடுத்துக் கொண்டுவந்தார்கள், அது அரை மைலுக்கு வந்தது. மேயர் கூடவே கொண்டுவந்திருந்த தன்னுடைய பேச்சு மேடையைத் தானே உடைத்துக் கொடுத்தார். அது இன்னொரு அரை மைல். வாத்திய கோஷ்டியின் பெரிய தப்பட்டை, இரண்டு பெஞ்சு, ஒரு தேன்கூட்டுப் பெட்டி. கடைசியில் உள்ளே எரிக்க எதுவும் இல்லை என்று பெண்கள் ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். சிக்னே திரும்பிப் பார்த்தாள்.

“சுவத்துல சான்றிதழ் மாட்டியிருக்குல்ல, சட்டத்தோட போடுங்க,” என்றாள்.

நல்ல கனமான சட்டம். அதில் கடைசி முந்நூறு கஜம் வந்தது.

நாலு பதினைந்துக்கு சிக்னே வடக்குத் தடத்தை அடைந்து, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். ஸ்டேஷன் இந்தப் பக்கம் வந்து, தாண்ட முடியாமல், அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தது. மேற்கே ரயில் தெரிந்தது. அவள் பச்சை வெள்ளைக் கொடியை விரித்து ஆட்டினாள். ஸ்டேஷன் மாஸ்டர் கொடி ஆட்டினால் ரயில் நின்றாக வேண்டும், எந்த இடமாக இருந்தாலும் சரி. ரயில் அவளுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் வந்து, அப்படியே மறைத்துக்கொண்டு நின்றது. கார்டு டெல்மர் ஹின்ஸ் அவள் பக்கத்துப் படியில் இறங்கினார்.

“இங்க ஸ்டேஷனே கிடையாதேம்மா.”

“இப்ப இருக்கு. அந்தப் பக்கம் பாருங்க.”

அவர் பெட்டிக்குள் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இறங்கி, தண்டவாளத்திலிருந்து சுவர்வரை காலால் அளந்தார். பதினான்கு அடி. விதிப்புத்தகத்தில் பதினான்கு அடி என்றுதான் இருந்தது, எந்தத் தண்டவாளத்திலிருந்து என்று எழுதியிருக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குள் பார்த்து, ஹால்பெக், ஹால்பெக் இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்று குரல் கொடுத்தார்.

ஒருத்திதான் இறங்கினாள். சாம்பல் நிறத் தொப்பி, கையில் ஒரு தொப்பிப் பெட்டி. நானூறு காரையும் வாத்திய கோஷ்டியையும் அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. நேரே வாசல்படி ஏறி உள்ளே போனாள். ஆறு பெண்களும் விலகி நின்றார்கள். அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். கையை ஊதிக்கொண்டே வெளியே வந்தபோது, சிக்னே ரயில் பெட்டிக்குள் ஏறி இந்தப் பக்கம் இறங்கி, முழங்காலுக்குக் கீழே சேறாக, படிக்கு எதிரே நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்பதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாங்களும் அழுதோம்.

“சுடுது,” என்றாள் தோரா.

“முப்பத்து மூணு வருஷம் லேட்டுடீ.”

“தெரியும். என் வீட்லயும் காலண்டர் இருக்கு. உள்ள வா, காத்து அடிக்குது.”

சிக்னே ஒரு காலைப் படியில் வைக்கப் போனாள். பின்பக்கத்துக் கட்டைகள் கிறீச்சிட்டன. மேயர் ஓடிவந்து அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டார். ஏறாதீங்கம்மா, ஏறினீங்கன்னா இது இருபத்தாறு மைலும் திரும்பிப் போயிடும், ரயில் போயிடும், ஊரே போயிடும் என்று கெஞ்சினார். விஷயத்தைத் தோராவுக்கு ஹால்வார் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் வெளிய நின்னேன்,” என்றாள். “கொஞ்ச நாள் இவ நிக்கட்டும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு கோப்பை முட்டைக் காபியை டிக்கெட் ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள். சிக்னே அதை நின்றுகொண்டே குடித்தாள். ரயில் கிளம்பிப் போனது. தோரா சிகாகோ போகவில்லை, சியாட்டிலுக்கும் திரும்பவில்லை.

அதன் பிறகு நான்கு வருடம் ஹால்பெக்கின் ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றே டிக்கெட் விற்றாள். பயணிகள் உள்ளே, அவள் வெளியே, நடுவில் ஜன்னல். தந்தி இயந்திரத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துக் கொடுத்தார்கள். மைனஸ் முப்பது டிகிரியில் மூன்று கோட்டு போட்டுக்கொண்டு நிற்பாள். உள்ளே தோரா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், மீதி நேரத்தில் தொப்பி தைத்து விற்றாள். இருவருக்கும் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வாய்ச்சண்டைதான். ஜன்னலைச் சாத்துடீ என்று அக்கா, நீ நின்னா எப்படிச் சாத்துறது என்று தங்கை. இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ஊர் பார்த்ததில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து நாடா பிடித்துப் பார்த்தார்கள். பதினான்கு அடி சரியாக இருந்தது. கால அட்டவணையில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

1971 டிசம்பரில் பனி இறுகியதும் முதல் வீடு கிளம்பியது. ஹால்வாருடையது. இப்போது குதிரைக்குப் பதில் டிராக்டர்கள், மற்றபடி எல்லாம் பழைய வழக்கம்தான். மனைவி உள்ளே உட்கார்ந்து காபி போட்டுக்கொண்டு வந்தாள், டிராக்டர்காரர்கள் ஜன்னலில் கோப்பையை நீட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் எழுநூறு வீடு, அடுத்த குளிர்காலத்தில் ஆயிரத்து நூறு, தேவாலயம், வங்கி, முடிதிருத்தும் கடை, கோதுமைக் கிடங்கு நான்கு. பள்ளிக்கூடம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. ஸ்வீடன்காரர் பேரன்கூட அஸ்திவாரத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார், அதை யாரும் அவரிடம் குத்திக்காட்டாமல் இருக்கவில்லை. நான்காவது குளிர்காலத்தில், 1975 மார்ச் பதினோராம் தேதி, கடைசி வீடு வந்து சேர்ந்தது. அது சிக்னேயின் வீடு. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். புகைபோக்கியில் புகை இருந்தது.

அன்று காலை பத்தரை மணிக்கு சிக்னே மூன்று கோட்டையும் கழற்றி வேலியில் போட்டாள். பழுத்த டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படி ஏறி உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் தெருவில் நின்றோம். ஸ்டேஷன் பின்பக்கத்தைத் தூக்கியது. முன்பக்கத்தைத் தூக்கியது. தெற்கே திரும்பியது, அங்கே இருபத்தாறு மைலுக்கு வெறும் வயல், ஒரு கூரை இல்லை. கிழக்கே பார்த்தது, தேவாலயம். மேற்கே பார்த்தது, முடிதிருத்தும் கடை. பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர் வாசலில் நின்று அதற்குக் கைகாட்டினார். சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு முன்பக்கத்தை இறக்கி, பின்பக்கத்தை இறக்கி, அதே இடத்தில் உட்கார்ந்தது.

உள்ளே தோரா இரண்டு கோப்பைகளையும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, டிக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இதை இனிமேல் யார் வாங்குவார்கள் என்று கேட்டபடி, டிக்கெட் ஜன்னலை நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சாத்தினாள்.

மறுநாள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி. நேற்றுக் காலை ஸ்டேஷன் எழுந்தது, போன தூரம் ஒன்றுமில்லை. அதற்கு மேலே கோதுமை விலை.